உயிர்ச்சூடு யாருடையது?

பிரம்மசூத்திரத்தின் நான்காம் அத்தியாயம், இரண்டாம் பாதத்தில் பதினோராவதாக ஒரு சின்னஞ்சிறு சூத்திரம் இருக்கிறது. உயிருள்ள உடம்பைத் தொட்டால் கைக்குத் தெரிகிறதே ஒரு சூடு, அது கண்ணுக்குத் தெரியும் இந்தத் தூல உடம்பின் சொத்து அல்ல, உள்ளே இருந்து, சாகும்போது உயிரோடு பிரிந்து போகும் சூக்கும உடம்பின் சொத்து என்பது அதன் கருத்து. சங்கரர் தம் பாஷ்யத்தில் இதற்குக் காரணம் காட்டுகிறார். இறந்தவரின் உடம்பில் உருவமும் நிறமும் அப்படியே இருக்கின்றன. சூடு மட்டும் இல்லை. தூல உடம்புக்கு உரியது என்றால் அது கிடக்கும்வரை சூடும் இருந்திருக்க வேண்டுமே? ஆகவே போனது எதுவோ, சூடும் அதனுடையது. சாந்தோக்கிய உபநிடதமும் மூன்றாம் அத்தியாயத்தில் இதே திசையில் பேசுகிறது: வானுக்கு அப்பால் ஒளிரும் பேரொளியே மனிதனுக்குள்ளும் ஒளிர்கிறது, அதற்கு நாம் தொட்டறியும் அடையாளம் உடம்பின் சூடு. நம் ஊர்களில் சாவு வீட்டுப் பேச்சிலும் இந்த எண்ணம்தான் ஓடுகிறது. உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு “சில்லிட்டுப் போச்சு” என்று யாராவது சொன்னால் வேறு விளக்கம் யாரும் கேட்பதில்லை.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிடக் கூடாது. ஒன்று இருக்கும்போது இருந்து, அது நீங்கும்போது நீங்குவது அதற்கே உரியது என்ற அளவை இன்றைய ஆய்வுக்கூடங்களிலும் தினமும் பயன்படுகிறது. பார்த்ததைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். பிணத்தில் சூடு இல்லைதான். ஆனால் அந்த உண்மையிலிருந்து எடுத்த முடிவு நிற்காது என்பது என் கருத்து. உடற்சூடு ஆன்மாவுக்குச் சாட்சி அல்ல. ஆன்மா உண்டு என்று வாதிடுகிறவர்கள் இந்தச் சாட்சியைக் கைவிட்டாக வேண்டும். கைவிடுவதால் அவர்களுக்கு நட்டமும் இல்லை. ஆன்மா இல்லை என்கிறவர்களோ, சூட்டை விளக்கிவிட்டோம் என்பதாலேயே வழக்கை வென்றுவிட்டதாக எண்ண முடியாது. இதற்கு நான் துணைக்கு அழைப்பது பழுப்புக் கொழுப்பு என்ற சிறிய திசுவை. குளிரில் அது எதை எரித்து உடம்பைச் சூடாக்குகிறது, அந்த எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குக் கிடைத்துள்ள விடைகள் இந்தப் பழைய தத்துவ வழக்கில் நேரடியாகப் பேசுகின்றன.

பழைய வழக்கில் இரு தரப்பும் எவ்வளவு கூர்மையாக இருந்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும். பௌத்தர்களின் தீக நிகாயத்தில் பாயாசி என்ற சிற்றரசன் வருகிறான். மறுமை இல்லை, உடம்பை விட்டுப் போகும் உயிர் என்று ஒன்று இல்லை என்பது அவன் கட்சி. வெறும் பேச்சாக அல்ல, சோதனை செய்தே பார்த்தவன். மரண தண்டனை பெற்ற திருடனை உயிரோடு நிறுத்துப் பார்த்தான், நெரித்துக் கொன்றபின் மறுபடி நிறுத்துப் பார்த்தான். செத்த உடம்பு கனமாகவும் விறைப்பாகவும் இருந்தது. ஒன்று வெளியேறியிருந்தால் எடை குறைந்திருக்க வேண்டாமா என்று கேட்டான். குமார காசியபர் என்ற பிக்கு அதற்குச் சொன்ன பதில், நாள் முழுதும் காய்ச்சிய இரும்புக் குண்டு சூடாக இருக்கும்போது இலேசாகவும் இளகியும் இருக்கிறது, ஆறினால் கனக்கிறது என்பது. உடம்பும் ஆயுள், சூடு, உணர்வு மூன்றும் சேர்ந்திருக்கும்போது இலேசாக இருக்கிறதாம். பௌதிகமாக இந்தப் பதில் தவறு. காய்ச்சுவதால் இரும்பின் எடை குறைவதில்லை. மஜ்ஜிம நிகாயத்தில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் மகாகோட்டிதர் என்ற பிக்குவுக்குச் சொல்லும் விடை இதைவிட ஆழமானது. ஆயுள் எதைச் சார்ந்து நிற்கிறது என்று கேட்டால், சூட்டை என்கிறார். சூடு எதைச் சார்ந்து என்றால், ஆயுளை என்கிறார். இது சுற்றிச் சுற்றி வருகிறதே என்ற தடைக்கு, எண்ணெய் விளக்கில் சுடரால் ஒளியும் ஒளியால் சுடரும் தெரிவதைக் காட்டுகிறார். சூடு யாருடையது என்ற கேள்விக்கு அவர் உரிமையாளர் ஒருவரைக் காட்டவில்லை, ஒன்றையொன்று சார்ந்து நிற்றலைக் காட்டினார். அந்த விடையின் பெருமதி பின்னால் விளங்கும்.

ஐரோப்பாவில் இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பியவர் பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த். 1649-ல் வெளிவந்த ‘ஆன்மாவின் உணர்ச்சிகள்’ என்ற நூலின் தொடக்கத்திலேயே, ஆன்மாதான் உடம்புக்குச் சூட்டையும் அசைவையும் தருகிறது என்பது பெரும்பிழை என்று எழுதினார். ஆன்மா பிரிவதால் உடம்பு குளிர்வதில்லை. சூடு அடங்கி உறுப்புகள் கெடுவதால்தான் ஆன்மா பிரிகிறது என்றார். ஆன்மாவை முழுதாக நம்பிய ஒருவரே இதைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் சூட்டுக்கு அவர் காட்டிய காரணம், இதயத்துக்குள் ஒளியில்லாமல் எரியும் ஒருவகை நெருப்பு. அது ஊகம். அளந்து காட்டியவர்கள் பிரெஞ்சு அறிவியலாளர்கள் லவாசியேயும் லாப்லாசும். 1782–83 குளிர்காலத்தில் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது, அது வெளிவிடும் கரியமில வாயு எவ்வளவு என்று இரண்டையும் கணக்கிட்டார்கள். கரி எரிந்து அதே அளவு வாயு வரும்போது உருகும் பனியும், விலங்கின் சூட்டில் உருகிய பனியும் ஏறத்தாழ ஒத்துப்போயின. மூச்சு என்பது மெதுவான எரிதல் என்று முடிவு செய்தார்கள். எரிவது என்ன, எங்கே என்பது அப்போது தெரியவில்லை.

எங்கே என்ற கேள்விக்குரிய விடைகளுள் ஒன்று அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்ணில் பட்டிருந்தது. 1551-ல் கொன்ராட் கெஸ்னர் என்ற சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர், ஆல்ப்ஸ் மலையில் குளிர்காலம் முழுதும் உறங்கும் மார்மட் என்ற விலங்கின் தோள்பட்டைகளுக்கிடையே கொழுப்பும் அல்லாத, தசையும் அல்லாத ஒன்றைக் கண்டு குறித்துவைத்தார். அதன் வேலை சூடாக்குவது என்பது 1960-களில்தான் தெளிவாயிற்று. பிறந்த குழந்தைக்கு அது தோள்பட்டை நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் இருக்கிறது. பெரியவர்களிடம் அது அநேகமாக இல்லை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2009-ல் ஒரே மருத்துவ இதழில் வெளியான மூன்று ஆய்வுகள் அந்த நம்பிக்கையை மாற்றின. காறை எலும்புக்கு மேலே, கழுத்தில், முதுகெலும்பின் ஓரத்தில் பெரியவர்களுக்கும் அது உண்டு, குளிரில் அது விழித்துக்கொள்கிறது.

இந்தத் திசுவின் ஒரு செல்லை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாதம் இங்கேதான் இருக்கிறது. சாதாரண வெள்ளைக் கொழுப்புச் செல்லில் ஒரே பெரிய கொழுப்புத் துளி இருக்கும். பழுப்புச் செல்லில் சின்னச் சின்னத் துளிகள் பல. அவற்றின் இடையே மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றில் இருக்கும் இரும்புச் சத்தும், சுற்றிலும் பின்னியிருக்கும் இரத்த நுண்குழாய்களுமே பழுப்பு நிறத்துக்குக் காரணம். மற்றச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்ன செய்கிறது? உணவின் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்களை உட்சவ்வின் ஒரு பக்கம் குவிக்கிறது. அவை திரும்பி வரும் வழியில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உருவாகிறது. பழுப்புச் செல்லிலோ அந்தச் சவ்வில் யூசிபி-1 என்ற புரதம் தனியாக ஒரு வாசல் வைத்திருக்கிறது. புரோட்டான்கள் ஏடிபி எதையும் உண்டாக்காமல் அந்த வாசல் வழியே திரும்புகின்றன, ஆற்றல் முழுதும் சூடாகிறது. தோலில் குளிர் பட்டால் செய்தி மூளையின் அடித்தளத்திலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதிக்குப் போகிறது. அங்கிருந்து பரிவு நரம்புகள் வழியே வரும் கட்டளை, நரம்பு முனையில் நார்அட்ரீனலினைச் சுரக்கவைக்கிறது. அது செல்லின் கொழுப்புத் துளிகளை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது. அந்த அமிலமே எரிபொருளாகவும் இருக்கிறது, யூசிபி-1 வாசலைத் திறக்கும் சாவியாகவும் இருக்கிறது. இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டைப் படிக்கும்போது எழும் வியப்பை நான் மறைக்க விரும்பவில்லை.

சூக்கும உடம்புக் கட்சிக்காரர் இங்கே ஒரு வலுவான கேள்வியை எழுப்பலாம். இறந்த உடம்பிலும் கொழுப்புத் துளிகள் இருக்கின்றன, மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, யூசிபி-1-உம் இருக்கிறது. விறகும் அடுப்பும் இருந்தும் எரியவில்லை என்றால், மூட்டுகிறவர் போய்விட்டார் என்றுதானே பொருள்? நியாயமான கேள்வி. இதற்கு விடை, மூட்டுகிறவரை ஒவ்வொரு படியாகத் தேடிப் போவதில் இருக்கிறது. வெள்ளெலியின் பழுப்புச் செல்களைப் பிரித்துக் கிண்ணத்தில் வைத்து நார்அட்ரீனலின் சேர்த்தால், அவை ஆக்சிஜனை வேகமாக இழுத்துச் சூட்டை வெளிவிடுகின்றன. அங்கே வெள்ளெலி இல்லை. செல்லுக்கே உயிர் உண்டே என்று சொல்லலாம். சரி, செல்லையும் உடைத்து மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பிரித்தெடுத்தாலும் அது கொழுப்பு அமிலத்தை எரிக்கிறது. ஜிடிபி என்ற சிறு மூலக்கூறைச் சேர்த்தால் யூசிபி-1 வாசல் அடைபடுகிறது. தனி மைட்டோகாண்ட்ரியாவை உயிர் என்று யாரும் சொல்வதில்லை. ஆக, சூட்டுக்குத் தேவையானது மூட்டுகிறவர் ஒருவர் அல்ல. ஆக்சிஜனும் எரிபொருளும் செய்தியும் உரிய இடத்துக்கு வந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பிணத்தில் இல்லாதது ஒரு பொருள் அல்ல, ஒரு போக்குவரத்து. சூடு தூல உடம்புடையது அல்லது சூக்கும உடம்புடையது என்ற இரண்டுக்கு அப்பால், சங்கரரின் வாதத்தில் விடுபட்டது இந்த மூன்றாவது வழி. ஒன்று நீங்கினால் அது ஏதோ ஒரு பொருளின் நீக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் கொண்டார். உறவு அறுந்தாலும் குணம் நீங்கும்.

எரிபொருள் பற்றிய ஆய்வுகள் இதை மேலும் உறுதிப்படுத்துகின்றன. பழுப்புச் செல் தன் துளிகளைத்தான் எரிக்கிறது என்பது நெடுநாள் பாடம். 2017-ல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே எலிகளில் இதைச் சோதித்தன. பழுப்புக் கொழுப்பில் மட்டும் துளிகளை உடைக்கும் வழியை மரபணு அளவில் அடைத்துவிட்டுக் குளிரில் வைத்தார்கள். எலிகள் தாங்கின. உடம்பின் வேறிடங்களில் இருந்த வெள்ளைக் கொழுப்பு உடைந்து, அதன் அமிலங்கள் இரத்தத்தில் வந்து சேர்ந்தன. வெள்ளைக் கொழுப்பிலும் அந்த வழியை அடைத்தபோது, பட்டினி போட்ட எலிகள் குளிரில் துவண்டன. உணவு கொடுத்தால் அவையும் தாங்கின. இவை தவிர, குளிரில் எலியின் கல்லீரல் கொழுப்பு அமிலங்களைக் கார்னிட்டின் என்ற மூலக்கூறோடு சேர்த்து இரத்தத்தில் அனுப்புகிறது. உணவுக்குப்பின் இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பையும் சர்க்கரையையும் பழுப்புக் கொழுப்பு உறிஞ்சிக்கொள்கிறது. சூடு பிறக்கும் இடம் ஒன்று, அதற்கான முதல் பல இடங்களில் இருக்கிறது. இந்தச் சூட்டை எந்த உறுப்பின் பெயரில் எழுதுவது?

மனிதரிடம் கிடைத்த சான்று சற்று வேறுபட்டது, அதையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் செர்புரூக்கில் நடந்து 2012-ல் வெளிவந்த ஆய்வில், குளிர்ந்த நீர் ஓடும் உடையை ஆறு ஆண்களுக்கு அணிவித்தார்கள். அவர்களுடைய ஆற்றல் செலவு சுமார் 1.8 மடங்கு ஆயிற்று. பழுப்புக் கொழுப்பின் எரிதல் கூடியது, அதனுள் இருந்த கொழுப்பு குறைந்தது. (கூடிய செலவு முழுவதும் பழுப்புக் கொழுப்புடையது அல்ல, தசைகளின் பங்கு பெரிது.) 2017-ல் அதே ஆய்வாளர்கள் நிகோடினிக் அமிலம் கொடுத்து உள்ளேயிருக்கும் கொழுப்பு உடைவதைத் தடுத்தபோது பழுப்புக் கொழுப்பின் எரிதல் அடங்கிப்போனது. எலிக்குச் சொன்னது மனிதருக்கு அப்படியே பொருந்தாது போலும். ஆனால் அந்த மருந்து வெள்ளைக் கொழுப்பையும் சேர்த்தே அடக்குகிறது என்பதால் இறுதியாக எதுவும் சொல்ல முடியாது. என் வாதத்துக்கு வேண்டியது அடுத்து நடந்ததுதான்: பழுப்புக் கொழுப்பு ஓய்ந்ததும் அவர்களுடைய தசைகள் கூடுதலாக நடுங்கின. ஒரு வாசல் அடைபட்டதும் உடம்பு வேறு வாசலைத் திறந்தது. சாரிபுத்தரின் விடை இந்த இடத்தில் மற்றெல்லா விடைகளையும்விட உண்மைக்கு அருகில் நிற்கிறது. நரம்பும் இரத்தமும் கொழுப்பும் தசையும் ஒன்றையொன்று சார்ந்து சூட்டை உண்டாக்குகின்றன, அந்தச் சூடு இருப்பதால்தான் அவை தம் வேலையைச் செய்ய முடிகிறது. சூடு குறைந்தால் இதயமும் நரம்பும் மந்தமாகின்றன. அவை மந்தமானால் சூடு மேலும் குறைகிறது.

இமயமலைத் துறவிகளைக் காட்டி ஒரு தடை எழுப்புவார்கள். திபெத்திய மரபின் தும்மோ தியானத்தில் உள்ளத்தால் உடம்பைச் சூடாக்குகிறார்களே என்பார்கள். அது கட்டுக்கதை அல்ல. 1982-ல் வெளியான ஆய்வில் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சனின் குழு தர்மசாலாப் பகுதியில் மூன்று துறவிகளை அளந்து, கை கால் விரல்களின் வெப்பம் 8.3 டிகிரி செல்சியஸ் வரை கூடியதைப் பதிவு செய்தது. 2013-ல் வந்த இன்னொரு ஆய்வில் உடம்பின் உள்வெப்பமே 38.3 டிகிரிவரை போனது. வலிந்து இழுத்து அடக்கும் மூச்சு சூட்டை உண்டாக்க, உள்ளே சுடரைக் காணும் தியானம் அதை நீடிக்கவைக்க உதவியது. இந்தப் பயிற்சியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அது காட்டுவது, மனமும் அந்தப் போக்குவரத்தில் ஓர் அங்கம் என்பதைத்தான். மூச்சுத் தசை சுருங்காமல், இரத்தக் குழாய் விரியாமல், எதுவும் எரியாமல் அந்தத் துறவியின் விரலும் சூடாவதில்லை. தவத்தின் மதிப்பு அவர் மனத்தை ஆண்ட விதத்தில் இருக்கிறது, வெப்பமானியின் எண்ணில் இல்லை.

இனி மறுதரப்பு. மணிமேகலையில் வரும் பூதவாதி, பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியபோது கள்ளில் வெறி பிறப்பதுபோல் நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடியபோது உணர்வு பிறக்கிறது என்கிறான். சூட்டைப் பொறுத்தவரை அவன் சொல்வது ஏறத்தாழச் சரி. கூட்டத்தில் பிறப்பதுதான் அது. அப்படியானால் உணர்வும் அதே வழிதானே என்று அவன் வழித்தோன்றல்கள் இன்று கேட்பார்கள். இங்கே நிதானம் வேண்டும். எலிகளில் 2008-ல் நடந்த ஓர் ஆய்வு, குளிர்ச் செய்தி மூளைக்குப் போகும் பாதைகள் இரண்டு என்று பிரித்துக் காட்டியது. குளிர் என்று புலன் உணர்வதற்கான பாதை பெருமூளைக்குப் போகிறது. உடம்பைச் சூடாக்கும் பாதை மூளைத்தண்டு வழியே ஹைப்போதலாமசுக்குப் போகிறது. முதல் பாதை சிதைந்தாலும் பழுப்புக் கொழுப்பு குளிருக்குப் பதில் சொல்கிறது. அப்படியென்றால் ‘எனக்குக் குளிர்கிறது’ என்ற அறிவு இல்லாமலே சூடு பிறக்கலாம். சூட்டை விளக்கியது அறிவை விளக்கியதாகாது. பாயாசியின் காலத்தில் ஆயுள், சூடு, உணர்வு மூன்றும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. இப்போது சூடு தனியே அவிழ்ந்து வந்திருக்கிறது. உணர்வின் முடிச்சு இன்னும் அவிழவில்லை.

சூடு வேறு, அறிவு வேறு என்ற இந்த வேறுபாட்டைத் தமிழ்ச் சைவம் முன்பே கண்டிருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டு என்பதற்கு ஏதுக்களை அடுக்குகிறார். அவற்றில் சூடு இல்லை. ‘இல்லை’ என்று மறுக்கவும் ஒருவர் வேண்டும், ‘என் உடம்பு’ என்று பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று போகிறது வாதம். பிராணவாயுவே உயிர் என்ற கட்சியை மறுக்கும் இடம் இன்னும் நுட்பமானது: உறங்குகிறவருக்கு மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் நுகர்ச்சி இல்லை, செயல் இல்லை, ஆகவே மூச்சு உயிராகாது. மூச்சு என்ற இடத்தில் சூட்டை வைத்துப் பாருங்கள், வாதம் அப்படியே பொருந்தும். உறங்குகிறவரிடமும் சூடு இருக்கிறது. மெய்கண்டாரின் ஏதுக்கள் எல்லாமே அறிவைப் பற்றியவை, அறிவைக் கொண்டே அவற்றை ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். எந்த உடலியல் ஆய்வும் அவரைத் தொடவில்லை. ஆன்மாவுக்காக வாதிடுகிறவர்களுக்கு நட்டமில்லை என்று சொன்னது இதனால்தான்.

இது ஏட்டுச் சண்டை அல்ல. சூடு போனால் உயிர் போயிற்று என்ற முடிவு கட்டிலருகே எடுக்கப்படும் முடிவும்கூட. 1999-ல் நார்வேயின் நார்விக் அருகே பனிச்சறுக்கின்போது ஒரு பெண் மருத்துவர் ஓடையின் பனித்தட்டுக்கு அடியில் சிக்கிக்கொண்டார். மீட்டபோது இதயம் நின்றிருந்தது. அவர் உடம்பின் உள்வெப்பம் 13.7 டிகிரிவரை இறங்கியது. திரோம்சோ மருத்துவமனையில் இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடேற்றி உள்ளே செலுத்தினார்கள். அவர் பிழைத்து, பின்னாளில் அதே மருத்துவமனையில் வேலையும் பார்த்தார். உறைந்த ஒருவரை மறுபடி சூடாக்கிப் பார்க்காமல் இறந்தவர் என்று சொல்லக் கூடாது என்பது குளிர்நாட்டு மருத்துவர்களின் விதி.

நமக்கு இந்த விதி பொருந்துவது பிறந்த குழந்தைகளிடம். பிறந்த குழந்தை பெரியவர்களைப்போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளாது. பழுப்புக் கொழுப்பையே நம்பியிருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அதுவும் குறைவு. குளிரில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது தன் கொழுப்பையும் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் செலவழிக்கிறது, செலவழிக்க ஒன்றும் இல்லாதபோது சில்லிட்டு அசையாமல் போகிறது. 36.5 டிகிரிக்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும், 32-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே பிறந்தவுடன் குளிப்பாட்டாதீர்கள், ஒரு நாளாவது பொறுங்கள். துடைத்து, தலையை மூடி, தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி போட்டு, முதல் மணி நேரத்திலேயே பால் கொடுங்கள். குழந்தை சில்லிட்டிருந்தால் கை வைத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மார்போடு அணைத்துச் சூடேற்றியபடியே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.